திறப்பு விழா இல்லாத வேலை

பத்திரிகைத் தொழிலில் கழிந்த இத்தனை வருடங்களில் பாடசாலைக் கட்டடத் திறப்பு விழாச் செய்திகள் எத்தனை எழுதியிருப்பேன் என்று நான் கணக்கு வைத்ததில்லை. நாடா வெட்டுதல், பெயர்க்கல் திரைநீக்கம், பிரதம விருந்தினர் உரை என எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஆனால், ஒழுகிய கூரை திருத்தப்பட்டதென்று ஒரு செய்தியேனும் எழுதிய நினைவு எனக்கில்லை.

2023 நவம்பரில் கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டியில், ஒரு பாடசாலையின் தண்ணீர்க் குழாய்கள் பொருத்திய சுவர் இடிந்து விழுந்து முதலாம் தரச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். அந்தச் சுவரை உரிய காலத்தில் இடித்துக் கட்டியிருந்தால், ஒரு திறப்பு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவை விட அதிகமாகியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

காசு இல்லை என்பார்கள். 2022இல் நாடு வங்குரோத்தானதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் காசு இல்லாதவன்தான் இருக்கும் வீட்டின் கூரையை முதலில் பார்க்க வேண்டும்.

உண்மையில், காசின் அளவைப் போலவே அது வந்து சேரும் வழியும் காலமும் பிரச்சினைதான். 1987இன் 13ஆவது திருத்தத்திற்குப் பின்னர் தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழும் ஏனைய பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபைகளின் கீழும் உள்ளன. மாகாணப் பாடசாலை அதிபர் வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். அதன்பின் மதிப்பீடு, முன்னுரிமைப் பட்டியல், கேள்விப்பத்திரம். திறைசேரியோ நிதியைத் தவணை தவணையாகவே விடுவிக்கும். டிசம்பர் 31உடன் நிதியாண்டு முடிந்துவிடும். வடக்கு, கிழக்கில் ஒக்டோபரிலேயே மாரி தொடங்கிவிடும். காசு தாமதித்தால் காசும் மழையும் ஒன்றாக வந்து சேரும். அந்த நேரத்தில் எந்த மேசன் ஓடு கழற்றுவான்?

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. திருத்த வேலைக்கென வரவு செலவுத் திட்டத்தில் வேறாக ஒரு தொகை ஒதுக்கப்பட்டு, அது புதிய கட்டடங்களுக்குத் திருப்பப்படாதிருக்க வேண்டும். ஓகஸ்ட் விடுமுறைக்கு முன்னர் அது பாடசாலையைச் சென்றடைய வேண்டும். சிறு திருத்தங்களைச் செய்யும் அதிகாரத்தை அதிபருக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் கொடுத்து, கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டச் செய்ய வேண்டும்.

புலம்பெயர்ந்த பழைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கொடை பெரிது. ஆனால் அதுவும் பெரும்பாலும் நகரத்துப் பெயர் பெற்ற கல்லூரிகளின் மண்டபங்களுக்கே போகிறது. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பழைய மாணவர் சங்கமில்லாத தோட்டப் பாடசாலைக்கும் வன்னிக் கிராமப் பாடசாலைக்கும் அரசை விட்டால் வேறு நாதியில்லை.

நான் படித்த கிராமப் பாடசாலையில் மழை நாட்களில் வாங்குகளைச் சுவரோரம் இழுத்து வைப்போம். சென்ற மாரியில் அங்கே போயிருந்தேன். முன்புறத்தில் புதிய இரண்டு மாடிக் கட்டடம், அமைச்சர் ஒருவரின் பெயர்க்கல்லுடன் நிற்கிறது. பின்னாலுள்ள பழைய மண்டபத்தில் நான்காம் தரம் நடந்துகொண்டிருந்தது. வாங்குகள் சுவரோரம்தான் இருந்தன.