மாதம் 12 நாள்தான் பாசி... கடலுக்கு லீவு விடும் பாம்பன் பெண்கள்!

நோன்பு மாதத்தில் கஞ்சிக்கு அடுத்தபடியாக இஃப்தார் தட்டில் இடம்பிடிப்பது, ரோஸ் கலரில் மினுங்கும் கடல்பாசி. கடையில் ‘சைனா கிராஸ்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதேதான். இது அகர் என்ற பொருள். அகர் தயாராவது கடலுக்கடியில் பாறைகளில் வளரும் பாசியிலிருந்து. அப்படி ஒரு பாசிதான் மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் மரிக்கொழுந்து பாசி. அதை மூழ்கி எடுப்பவர்கள், ராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெண்கள்.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் இது அம்மாவைப் பார்த்து மகள் கற்றுக்கொண்ட தொழில். கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் ஒரு பை. அவ்வளவுதான். ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் கிடையாது. மூச்சை அடக்கி மூழ்கி, பாசியோடு மேலே வர வேண்டும்.

சிக்கல் எங்கே ஆரம்பித்தது?

1986-ல் இங்குள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப்பாறைகளையும் கடற்பசுக்களையும் காப்பாற்ற அது தேவைதான். ஆனால், பாசி வளர்வதும் அதே தீவுகளைச் சுற்றித்தான். 2000-க்குப் பிறகு கெடுபிடி அதிகமானது. பாட்டி காலத்திலிருந்து இறங்கிய இடத்தில், படகும் பாசியும் பறிமுதலாகுமோ என்ற பயத்தோடு பேத்திகள் இறங்க வேண்டியிருந்தது.

‘நீங்கள் கடலைக் கெடுக்கிறீர்கள்’ என்ற குற்றச்சாட்டுக்கு அந்தப் பெண்கள் போராட்டத்தால் மட்டும் பதில் சொல்லவில்லை. கூட்டமைப்பாகச் சேர்ந்து, தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள்.

* அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள். மாதத்துக்கு மொத்தம் 12 நாள்தான் பாசி எடுக்க வேண்டும்.

* மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் 45 நாள் முழு ஓய்வு.

* இரும்புத் தகடு வைத்துச் சுரண்டக் கூடாது. கையால் மட்டுமே பறிக்க வேண்டும்.

கடைசி விதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பகுதியை விட்டுவிட்டு மேலே பறித்தால், பாசி மறுபடி துளிர்க்கும். சுரண்டினால் பாசியும் போகும், பாறையும் சேதமாகும்.

சொல்வது சுலபம். மாதம் 12 நாள் என்றால், மீதி 18 நாள் கையில் பாசிக் காசு இல்லை என்று அர்த்தம். நாளை தன் மகளுக்கும் பாசி கிடைக்க வேண்டும் என்று நினைப்பவர்களால்தான் அந்த நஷ்டத்தைத் தாங்க முடியும்.

இந்தக் கூட்டமைப்பை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு, 2015-ல் அமெரிக்காவின் ‘சீகாலஜி’ அமைப்பு விருது வழங்கியது. பரிசு 10,000 டாலர். சிறுவயதிலேயே கடலில் இறங்கிவிட்ட அவர், அந்தப் பணம் தன் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு என்றார்.

விருது வந்துவிட்டது. ஆனால், பூங்கா எல்லைக்குள் பாசி எடுக்கும் உரிமை என்ற கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை. எல்லைக்கோடு போடுவது அரசாங்கத்தின் வேலை. ஆனால், தண்ணீருக்கடியில் எந்தப் பாறையில் பாசி துளிர்த்திருக்கிறது, எது இன்னும் காத்திருக்க வேண்டும் என்பது அந்தப் பெண்களின் விரல்களுக்குத் தெரியும். கடலைப் பற்றி முடிவெடுக்கும் மேஜையில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போட்டால், கடலுக்கும் நல்லது.

அடுத்த முறை கடல்பாசியை ஸ்பூனில் எடுக்கும்போது, வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள்!