மாத்திரையும் மருட்சியும்

"மாத்திரை விழுங்கினால் பிறகு பிள்ளையே பிறக்காதாம்" என்கிறாள் ஒருத்தி. "காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறிவிடுமாம்" என்கிறாள் மற்றொருத்தி. ஏடறியாத பேதையரா இவர்கள்? பட்டம் பெற்ற நம் வீட்டுப் பெண்கள்!

அவர்களை எள்ளி நகையாட நாம் எழுதவில்லை. சொல்ல வேண்டியவர்கள் வாய் மூடினால், வதந்தி வாய் திறக்கும்!

உண்மை என்ன? மாத்திரையை நிறுத்தினால் கருத்தரிக்கும் ஆற்றல் மீள்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியை நிறுத்தினால், அது மீளச் சில மாதங்கள் பிடிக்கும், ஆனால் மீளும். காப்பர்-டி, மிக அரிதாகக் கருப்பைச் சுவரைத் துளைப்பதுண்டு; தொடக்கத்தில் உதிரப்போக்கும் வலியும் மிகுவதுண்டு. நெஞ்சுக்கு ஏறும் என்பதோ வெறுங்கதை!

மாத்திரையில் தீங்கே இல்லையா? உண்டு; மறைக்கமாட்டோம். இரத்தம் உறையும் அபாயம் சற்றே கூடும். இரத்த அழுத்தம் மிகுந்தோருக்கும், புகைபிடிக்கும் 35 வயது கடந்தோருக்கும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகாது. அதே மாத்திரை சினைப்பை, கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய்களின் அபாயத்தைக் குறைக்கவும் செய்கிறது. 1960-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம். இன்று பெரும்பாலானவற்றில் 20 முதல் 35 வரைதான். அன்றைய மாத்திரையின் பழியை இன்றைய மாத்திரையின் தலையில் ஏற்றலாமா?

இந்த மருட்சிக்கு விலை கொடுப்பவர் யார்? தற்காலிக முறைக்கு அஞ்சியவள், அடுத்தடுத்துப் பெற்றுத் தளர்ந்து, இறுதியில் அறுவைக் கத்திக்கு உடல் தருகிறாள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டோர் நூற்றுக்கு 37.9, கணவன் அறுவை செய்துகொண்ட இணையர் 0.3! அச்சமும் அவளுக்கு, அறுவையும் அவளுக்கு. ஆணுக்கு அறிவுரை மட்டுமா?

நாட்டின் மக்கட்தொகைக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்று 1930-களிலேயே முழங்கினார் பெரியார். விடுதலை என்பது மாத்திரையைத் திணிப்பதன்று. நன்மை தீமை இரண்டையும் சொல்லி, முடிவை அவளிடமே விடுவது. "பயப்படாதேம்மா" என்று தட்டிக்கொடுத்து அனுப்புவது விளக்கமாகாது. ஆரம்ப சுகாதார நிலையந்தோறும், அவள் கேட்குமுன்னரே பொறுமையாக எடுத்துரைக்க ஆள் வேண்டும். உடன் வரும் கணவனும் அமர்ந்து கேட்க வேண்டும்.

தங்கையே! தயங்காதே. அடுத்த வீட்டுக் கதையை அங்கேயே விட்டுவிட்டு, உன் ஐயத்தை மருத்துவரிடம் கேள். உன் உடல் உன்னுடையது. அதைப்பற்றிய உண்மையும் உன் உரிமை!