கொக்கி மாட்ட இடமில்லாத சாரம்

கட்டுமானத் தொழிலில் உயிர் பறிக்கும் விபத்துகளில் உயரத்திலிருந்து விழுவதே முன்னணியில் நிற்கிறது. மலேசியாவும் இதற்கு விலக்கல்ல. ஒருவர் விழுந்ததும் பழியும் அவர்மேலேயே விழுகிறது: பாதுகாப்புப் பட்டை அணிந்திருந்தார், கொக்கியை மாட்டவில்லை என்பார்கள். மாட்டுவதற்கு அந்தச் சாரத்தில் உறுதியான பிடிமானம் இருந்ததா என்று கேட்பவர்கள் குறைவு.

இந்த வழக்கம் பழையது. காப்புறுதி நிறுவனமொன்றில் பணியாற்றிய அமெரிக்கர் ஹைன்ரிக், விபத்துகளில் 88 விழுக்காடு தொழிலாளரின் ஆபத்தான செய்கைகளால் நேர்வதாக 1931இல் எழுதினார். அவர் ஆதாரமாகக் கொண்டவை காப்புறுதிக் கோப்புகளும் ஆலைப் பதிவுகளும். அவற்றில் காரணத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் மேற்பார்வையாளர்களே. பிற்கால ஆய்வாளர்கள் கடுமையாக மறுத்தபின்னும் அந்த எண் பயிற்சி வகுப்புகளில் இன்னும் உலவுகிறது.

ஜொகூரில் இந்தப் பழிபோடும் வழக்கத்துக்குத் தனிக் கனம் உண்டு. 2006இல் இஸ்கந்தர் மலேசியா வளர்ச்சி மண்டலம் தொடங்கியதிலிருந்து அங்கே கட்டுமானம் ஓயவில்லை. கடலைத் தூர்த்து எழுந்த ஃபாரஸ்ட் சிட்டி, புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூர் செல்லும் சுமார் 4 கிலோமீட்டர் ஆர்.டி.எஸ். ரயில் பாதை, சிடெனாக் வட்டாரத் தரவு மையங்கள் என வேலை வளர்ந்துகொண்டே போகிறது. இத்தகைய தளங்களில் பாரம் தூக்குவோரில் பெரும்பாலோர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேபாளம், மியன்மார் நாட்டவர். முதன்மைக் குத்தகையாளருக்குக் கீழே துணைக் குத்தகை, அதற்கும் கீழே இன்னொன்று. அடித்தட்டில் கூலி பெரும்பாலும் முடித்த அளவுக்குத்தான். கொக்கியைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு நிமிடமும் அங்கே கூலியில் குறைகிறது. இதை அலட்சியம் என்று சொல்வது அநியாயம்.

தளத்தில் நுழைய, கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியின் பச்சை அட்டை வேண்டும். அதற்கான பயிற்சி ஒரு நாள்தான். காலைக் கூட்டத்தில் மலாயில் சொல்லப்படும் எச்சரிக்கைக்குப் புதிதாக வந்தவர் தலையாட்டுவார். புரிந்ததா என்று யாரும் சோதிப்பதில்லை. விபத்தில்லாத நாட்களை எண்ணும் பலகையும் அதற்கான வெகுமதியும் சில இடங்களில் எதிர்விளைவே தருகின்றன. மயிரிழையில் தப்பிய சம்பவத்தைச் சொன்னால் எல்லாருக்கும் வெகுமதி போய்விடும் என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். விளிம்பில் கம்பித் தடுப்பும் கீழே வலையும் இருந்தால் ஒருவருடைய ஞாபகத்தை நம்பி இன்னோர் உயிர் தொங்க வேண்டியதில்லை. முதலில் செலவிட வேண்டியது அங்கேதான்.

சட்டம் ஓரளவு நகர்ந்திருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1இல் நடப்புக்கு வந்தது. கடமை தவறும் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆனது. குத்தகைக்கு விடுபவரும் இப்போது பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. உடனடி ஆபத்தை முதலாளி நீக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையைப் பிரிவு 26ஏ தொழிலாளருக்குத் தருகிறது. ஆனால் அந்நியத் தொழிலாளரின் பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது; ஊரில் ஏஜெண்டுக்குக் கட்ட வேண்டிய கடனும் பலருக்கு இருக்கிறது. அவர்கள் இந்த உரிமையைப் பயன்படுத்தத் துணிவது, மேற்பார்வையாளரே முன்வந்து வேலையை நிறுத்தும் தளங்களில்தான்.