கெட்டரக்ட் ஒப்பரேஷனுக்குப் பிறகு கண்ணில் திரை விழுந்தால்...

கண்ணில் வெள்ளை படர்ந்து, குர்ஆனின் எழுத்தும் பேரப்பிள்ளையின் முகமும் மங்கிப்போன ஒருவருக்கு மீண்டும் பார்வை கிடைப்பது அல்லாஹ்வின் பேரருள். மங்கிய வில்லைக்குப் பதிலாக செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் வைக்கும் முறையை 1949 இல் லண்டனில் டொக்டர் ஹரல்ட் ரிட்லி தொடங்கிவைத்தார். இன்று அந்த ஒப்பரேஷன் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகிறது. அநேகர் எந்தச் சிக்கலும் இன்றிச் சுகமடைகின்றனர்.

ஆனாலும் மிகச் சிலருக்கு, ஒப்பரேஷனின் பின் கண்ணின் உட்புறத்தில், குறிப்பாக விழித்திரையில், கோளாறு ஏற்படலாம். கெமராவில் பிலிம் இருப்பது போல, கண்ணின் பின்சுவரில் உட்புறமாகப் படிந்திருக்கும் மெல்லிய படலமே விழித்திரை. புதிய வில்லை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், விழித்திரை பழுதானால் பார்வை இல்லை.

நமது மூத்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கண் நொந்தாலும் "பிள்ளைகளுக்கு ஏன் தொந்தரவு, கிளினிக் திகதி வரட்டும்" என்று பொறுத்துக்கொள்வார்கள். பொறுமை நல்ல குணம்தான். ஆனால் இந்த விடயத்தில் அது கண்ணையே பறித்துவிடக்கூடும். ஆகவே வீட்டிலுள்ளவர்கள் மூன்று விடயங்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதலாவது, கிருமித் தொற்று. பொதுவாக ஆயிரத்தில் ஒருவருக்கோ அதிலும் குறைவாகவோதான் இது வரும். பெரும்பாலும் ஒப்பரேஷன் செய்து சில நாட்களுக்குள் கண் சிவக்கும், நோவு கூடும், தெளிந்து வந்த பார்வை திடீரெனக் குறையும். கெலிஓயாவைக் கடந்து கம்பளை, புஸ்ஸல்லாவை, றம்பொடை என்று மலையேறும் நமது பாதை நுவரெலியாவுக்குச் செல்கிறது. 2023 ஏப்ரலில் அங்குள்ள அரசாங்க வைத்தியசாலையில் கெட்டரக்ட் ஒப்பரேஷன் செய்துகொண்ட பலருக்குக் கண்ணில் இத்தகைய பாதிப்பு ஏற்பட்டது. இந்தியாவிலிருந்து இறக்குமதியான பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தின் மீது சந்தேகம் எழுந்து, அது பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. சிலர் பார்வையை இழந்ததாக அன்று பத்திரிகைகளில் படித்தோம். அந்த நோயாளிகள் மீது எந்தக் குற்றமும் இல்லை. எங்கே, எதனால் தொற்று வந்தாலும் நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: அடையாளம் தெரிந்த அன்றே வைத்தியரிடம் ஓடுவது.

இதற்குச் சிகிச்சை உண்டு. வென்கோமைசின், செப்டசிடிம் போன்ற மருந்துகளை ஊசி மூலம் கண்ணுக்குள்ளேயே செலுத்துவார்கள். 1995 இல் அமெரிக்காவில் வெளியான, 420 நோயாளிகளைக் கொண்ட ஓர் ஆய்வு முக்கியமானது. பார்வை வெளிச்சத்தை மட்டும் உணரும் அளவுக்குக் குன்றிவிட்டவர்களுக்கு, கண்ணுக்குள் இருக்கும் ஜெலி போன்ற பொருளை உடனே அகற்றும் ஒப்பரேஷன் கூடுதல் பயன் தந்ததாக அது காட்டியது. மற்றவர்களுக்கு ஊசி மருந்தே போதுமாக இருந்தது.

இரண்டாவது, விழித்திரையின் நடுப்பகுதி வீங்குதல். சில வாரங்கள் நன்றாகத் தெரிந்த பின்னர், எழுத்துக்கள் மங்கலாகவோ கோணலாகவோ தெரியத் தொடங்கும். நோவு இருக்காது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பெரும்பாலும் சொட்டு மருந்துகளாலேயே சில மாதங்களில் குணமாகும். குணமாகாவிட்டால் ஊசி மருந்தும் உண்டு.

மூன்றாவது, விழித்திரை கிழிந்து கழன்றுவிடுதல். இது மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்தும் வரலாம். கிட்டப்பார்வைக்குக் கனத்த கண்ணாடி அணிந்தவர்களும், ஒப்பரேஷனின்போது வில்லையின் பின் உறை கிழிந்தவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டும். கொசுக்கூட்டம் போலக் கறுப்புப் புள்ளிகள் மிதக்கும். பிறகு ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போல இருள் பரவும். மின்னலும் புள்ளியும் தெரியும்போதே போனால், கிழிசலைச் சுற்றி லேசர் அடித்து அடைத்துவிடலாம். கழன்ற பின்னர் என்றால் பெரிய ஒப்பரேஷன் தேவைப்படும். நடுப்பகுதி கழல்வதற்கு முன் போனவருக்கும் பின்னர் போனவருக்கும் கிடைக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் உண்டு.

அந்த ஒப்பரேஷனில் விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுவை நிரப்புவதுண்டு. மலைநாட்டு மக்களான நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய விடயம் இது. உயரம் கூடக் கூட அந்த வாயு விரிந்து கண்ணை நெருக்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போன்றது. ஆகவே வாயு முற்றாகக் கரையும்வரை உம்றாப் பயணமானாலும் விமானம் ஏறக் கூடாது. நுவரெலியாவும் 6,000 அடிக்கு மேல் இருப்பதால், அங்கே கலியாண வீட்டுக்குப் போவதும் ஆபத்துத்தான். கொழும்பில் ஒப்பரேஷன் செய்தவர் ஊர் திரும்ப முன்னர், தமது ஊர் மலைப்பகுதி என்பதை வைத்தியரிடம் சொல்லி அனுமதி பெற வேண்டும். வாயுவின் வகையைப் பொறுத்து அது கரைய இரண்டு வாரங்கள் முதல் இரண்டு மாதங்கள்வரை எடுக்கலாம்.

இனி இபாதத் பற்றி. நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து சொட்டு மருந்தை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபின்படி கண்ணில் இடும் மருந்து நோன்பை முறிக்காது. காயம் ஆறும்வரை கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று வைத்தியர் சொன்னால், கழுவ முடிந்ததைக் கழுவி, முடியாததற்குத் தயம்மும் செய்யும் வழி மார்க்கத்தில் இருக்கிறது. குனியக் கூடாது என்றோ குப்புறப் படுத்திருக்க வேண்டும் என்றோ சொன்னால், சைக்கினையால் தொழலாம். உங்கள் ஊர் ஆலிமிடம் விபரமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களே நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள்.

பிள்ளைகளே! உம்மாவோ வாப்பாவோ ஒப்பரேஷன் செய்து வந்தால், தினமும் ஒரு தடவை மற்றக் கண்ணை மூடச் சொல்லி, "என் முகம் நேற்றுப் போலத் தெரிகிறதா?" என்று கேளுங்கள். "இல்லை" என்றால், வெள்ளிக்கிழமையா போயா தினமா என்று பார்க்காமல், ஒப்பரேஷன் துண்டையும் மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு, ஒப்பரேஷன் செய்த இடத்துக்கோ கண்டி தேசிய வைத்தியசாலையின் கண் பிரிவுக்கோ அன்றே கூட்டிச்செல்லுங்கள். நமக்கு நடை பழக்கியவர்களின் பார்வை நம்மிடமுள்ள அமானிதம். அதைப் பேணும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!