ஏடும் பென்சிலும் கரைவலையும்

கற்பிட்டிக் குடாநாட்டுக்கு வரும் அயல்நாட்டுப் பிரயாணிகளுள், தென்மேற்குப் பருவக்காற்றை நம்பிக் கைட் சர்ஃபிங்குக்கு வருவோரும், அக்காற்று ஓய்ந்தபின் டொல்பின் பார்க்கப் படகேறுவோருமே பெரும்பான்மையினர் என்றாலும், மடியில் ஓர் ஏட்டை வைத்துக்கொண்டு பென்சிலும் நீர்வர்ணமுமாய்க் கரையில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கும் சிலரும் அவர்களிடையே உண்டு. இந்தச் சிலரைப் பற்றி நம்மவர் கொள்ளும் சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறதென்பதும், இருந்தும் அவர்களை நாம் விரும்பி வரவேற்க வேண்டுமென்பதும் என் அபிப்பிராயம்.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்டி மன்னனின் கடல் வாணிபத்தை நெரிப்பதற்காக ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடித்த கற்பிட்டிக் கோட்டையைப் போன்ற எந்தக் கோட்டையும், யாரோ ஒருவர் முன்னதாக வந்து உட்கார்ந்து, கரையின் வளைவையும் நீரின் ஆழத்தையும் காகிதத்தில் குறித்துக்கொண்டு போன பிறகே எழுந்தது. யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த பால்தேயுஸ் பாதிரியார் 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெருநூலிலும் நம் கரையோரப் பட்டினங்களும் கோட்டைகளும் செப்புத்தகட்டுச் சித்திரங்களாய் நிறைந்திருந்தன. அந்நாளில் ஒரு கரையை வரைவதற்கும் அதைக் கைப்பற்றுவதற்கும் இடையே அதிக தூரம் இருந்ததில்லை. இன்றோ அக்கோட்டை கடற்படை முகாமின் எல்லைக்குள் அடங்கியிருக்கிறது. நீண்ட யுத்தத்தைக் கண்ட தேசத்தில், முகாம் வாயிலுக்கு எதிரே அமர்ந்து கோடு போடும் அந்நியரை ஒரு சிப்பாய் வந்து விசாரித்தால் அவரைக் கோபித்துக்கொள்வதற்கில்லை.

ஆயினும் அதே ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் வந்த எசாயாஸ் பூர்ஸ என்னும் ஓவியர், 1662ஆம் ஆண்டளவில் கொழும்பில் தம் கண்ணிற்பட்ட சாதாரண ஜனங்களை, எந்தத் தளபதிக்கும் பிரயோஜனப்படாத விதத்தில், ஒரு குறிப்பேட்டில் வரைந்து தள்ளினார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகறியாது கிடந்து, 1990களில் வெளிப்பட்டு, இப்போது அம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவ்வேடு, நம் முன்னோரின் உடையையும் நடையையும் காட்டும் அருஞ்சாட்சியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் இடம்பெற்றவர்களும் அவர்கள் பேரப்பிள்ளைகளும் அதைக் கண்டதில்லை என்பது அதன் குறை. வரைபவரின் ஏடு வரையப்படுபவருக்குத் திறந்திருக்க வேண்டும். நான் கேட்கும் நிபந்தனை இது ஒன்றுதான்.

கமராவுக்கு இந்த நிபந்தனை பொருந்தாது. ஓடும் வாகனத்திலிருந்தே எடுத்துக்கொண்டு போய்விடலாம். உடப்பில் கரைவலை இழுப்பதை வரைய வந்தவரோ அப்படிப் போக முடியாது. ஏனெனில் கடலை வளைத்துப் போட்ட வலையின் இரு கயிறுகளையும் இரண்டு அணியினர் பற்றி, அம்பா பாடலின் தாளத்துக்கு அடியெடுத்து வைத்து, சிறிது சிறிதாக ஒருவரையொருவர் நெருங்கி, கடைசியில் மீன் துள்ளும் மடியைக் கரையேற்றும் வரை, அவரும் வெயிலில் காத்திருந்தாக வேண்டும். அந்தத் தாளமே சித்திரக்காரருக்குப் பேருபகாரம் செய்கிறது: பாடலின் ஒவ்வோர் அடிக்கும் இழுப்பவரின் முதுகு அதே வளைவுக்குத் திரும்பி வருவதால், முதல் தடவை தவறவிட்ட தோளை அடுத்த தடவை பிடித்துக்கொள்ளலாம். இதற்குள் பின்னால் சிறுவர் கூடிவிடுவார்கள். அனுபவஸ்தர் ஒருவர் எட்டிப் பார்த்து, கயிற்றைப் பிடிக்கும் கை அப்படியிராது என்று திருத்தவும் செய்வார். இப்படித் திருத்தப்படும் பிரயாணி, சுற்றுலா விடுதியின் நீச்சல் குளத்தருகே ஒரு வாரம் கிடந்தவரைக் காட்டிலும் இவ்வூரை அதிகம் அறிந்தவராய் நாடு திரும்புகிறார்.

இதற்குச் சில மரியாதைகள் உண்டு. கருவாடு காயவைக்கும் பெண்களைக் கேளாமல் வரையலாகாது. உடப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்பிலும், தலவில புனித அன்னம்மாள் திருவிழாக் கூட்டத்திலும் பக்தர்களின் வழியை மறித்து நாற்காலி போடலாகாது. சந்நிதியில் அமர்ந்து வரைவது எப்படியென்பதற்கு, ‘ஆனந்த விகட’னுக்காகத் தென்னாட்டுக் கோயில்களை நேரிற் சென்று தீட்டிய சில்பியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வரைந்த தாளில் ஒன்றைக் கிழித்து இருந்தவருக்கே கொடுத்துவிட்டுப் போவது கூலி கொடுப்பதை விடச் சிலாக்கியம் என்பேன். ஒரு நாள் உழைப்பு கெடும்படி ஒருவரை நிறுத்தி வைத்தால் கூலியும் கொடுக்கத்தான் வேண்டும்.

அதிகாரிகள் செய்ய வேண்டியது அதிகமில்லை. கோட்டை வாயிலில், எந்தப் பக்கத்தை வரையலாம், எதை வரையக்கூடாது என்று மூன்று மொழிகளிலும் தெளிவாக எழுதி வைத்தால், காவலிருப்பவருக்கும் வரைபவருக்கும் வீண் சங்கடம் நேராது. அந்த அறிவிப்பைப் பார்த்து, புத்தளத்துப் பாடசாலைச் சித்திர ஆசிரியர்களும் தம் மாணாக்கரை ஒரு சனிக்கிழமை அங்கே அழைத்து வரலாம்.