பொன்னாடை வேண்டாம், காசைத் தாங்கோ

ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம். இந்த ஒரு கிழமைக்குள்ள எங்கட ஊர்களில் எத்தனை விழா நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பந்தல் போடுகிறவருக்குக் காசு. சவுண்ட் சேர்விஸ்காரருக்குக் காசு, அதுவும் அரைவாசி முற்பணம். படம் எடுக்கிறவருக்கு, பனர் அடிக்கிறவருக்கு, கேக்குக்கு, ரோல்ஸுக்கு, விருந்தினருக்குக் குடுக்கிற நினைவுச்சின்னத்துக்கு எல்லாம் காசு. அந்தப் பிள்ளைகளை இரண்டு மணித்தியாலம் கையில் வைத்திருந்து, படம் கீறவிட்டு, போத்தலுக்கு மேல பலூனை ஊதவைத்து, "ஏன் ரீச்சர், ஏன்?" என்று கத்தவைத்து அனுப்புகிற ஆளுக்கு மட்டும் பொன்னாடை.

கேட்டால் சொல்லுவினம்: "அவா அதை ஒரு சேவையாத்தானே செய்யிறா."

இந்த வசனத்தோடதான் எங்களுக்குச் சண்டை.

நாங்கள் மூன்று பேர் சில மாதங்களாக இப்படி ஓர் அக்காவோடு சாமான் தூக்கப் போய் வருகிறோம். வலிகாமத்தில் இருக்கிறா. நுண்கலைப் பட்டதாரி, அரச நியமனம் கிடைக்கவில்லை. கிழமையில் இரண்டு பின்னேரம் சனசமூக நிலையத்தில் சித்திர வகுப்பு, ஒரு நாள் முன்பள்ளி, மிச்ச நாட்களில் கூப்பிடுகிற இடத்துக்குப் போய் "விஞ்ஞான வித்தை". நோட்டீஸில் அப்படித்தான் போடுவினம். சில இடத்தில் "மேஜிக் ஷோ" என்றே அடித்திருப்பினம். பேரை எழுதவேண்டாம் என்று சொல்லிப்போட்டா. எழுதினால் அடுத்த முறை கூப்பிடமாட்டினமாம். காசு கேட்கிற ஆள் என்று பேர் வந்தால் இந்தத் தொழிலில் அவ்வளவுதான்.

தொழில் என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறோம். மேடையில் தெரிகிறது நாற்பது நிமிடம். அதுக்கு முதல் நாள் பின்னேரம் செவ்வரத்தம்பூ பறிக்கவேணும். பறித்து, அவித்து, வடித்துப் போத்தலில் அடைக்கவேணும். அந்தச் சாற்றில தேசிக்காய்ப்புளி விட்டால் சிவக்கும், அப்பச்சோடா போட்டால் பச்சையாகும். அமிலம், காரம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிற இரண்டு சொல்லையும் ஒரு பிள்ளை கண்ணால் காண்பதற்கு இதைவிட மலிவான வழி எங்களுக்குத் தெரியாது. ஆனால் பூ வாடினால் நிறம் வடிவா வராது. அதனால முதல் வாரமே செய்து வைக்க ஏலாது. பிறகு வினாகிரி, பலூன், நெருப்புக்குச்சி, சைக்கிள் வால்வ் ரியூப், மெழுகுதிரி. சித்திரத்துக்குக் கடதாசி வெட்டவேணும். 2022இல் கடதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள், ஞாபகம் இருக்கும். அந்த வருடத்திலிருந்து அக்கா புதுக் கடதாசியில் வகுப்பு நடத்துறதில்லை. போட்டோக் கொப்பிக் கடைகளில் பிழையாக அடித்துக் கழித்த தாள்களைக் கேட்டு வாங்கி, அதன் வெள்ளைப் பக்கத்தில் கீறவிடுகிறா. ஒரு பிள்ளை தன்ர மாம்பழத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் யாரோ ஒருவரின் காணி உறுதி இருக்கும்.

தீவுப்பகுதிக்குப் போகிற நாள் என்றால் குறிகட்டுவானில் வள்ளத்துக்கு நிற்கவேணும். அப்பச்சோடா ஈரம் பட்டால் கட்டியாகிப்போகும், ஆகவே எல்லாம் இரட்டைப் பொலித்தீன். அப்படிப் போய் இறங்கின ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், ஒரு மணித்தியாலம் என்று சொல்லிக் கூப்பிட்டவர்கள் கடைசியில் இருபது நிமிடம் தந்தார்கள். பிரதம விருந்தினர் பிந்தி வந்தார். அவர் வரும்வரை பிள்ளைகள் வெயிலுக்குள்ள வரிசையில். வந்த பிறகு வரவேற்புரை, ஆசியுரை, சிறப்புரை. அக்கா தொடங்கி, பலூன் பாதி ஊதினபோது "ரீச்சர், கொஞ்சம் நிப்பாட்டுங்கோ, ஐயா வெளிக்கிடப் போறார், ஒரு படம் எடுப்பம்" என்றார்கள். இரசாயனத் தாக்கத்தை எப்படி நிப்பாட்டுறது? பலூன் தன்பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது, ஒருத்தரும் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது ஒரு கடித உறை. உள்ளே இருந்த காசு பெற்றோலுக்கும் வள்ளத்துக்கும் சரி.

இதுக்குப் பதிலாக எங்களிடம் சொல்லப்படுகிறது என்னவென்றால், "அரை மணித்தியாலம் வித்தை காட்டுறதுக்கு என்ன அவ்வளவு?" இந்தக் கேள்விக்கு ஒரு மெழுகுதிரியால் பதில் சொல்லலாம்.

தண்ணீர்த் தட்டில் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து, கிளாஸால் மூடுகிற சோதனை எல்லாருக்கும் தெரியும். திரி அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். ஏன்? ரியூசனில் படித்த எந்தப் பிள்ளையும் உடனே சொல்லும்: "ஒட்சிசன் எரிஞ்சு முடிஞ்சுது, அந்த இடத்துக்குத் தண்ணி போகுது." மனப்பாடம். பிழையும்கூட. அக்கா அதைப் பிழை என்று சொல்லமாட்டா. "சரி, திரும்பச் செய்வம், இந்த முறை தண்ணி எப்ப ஏறுது எண்டு மட்டும் பாருங்கோ" என்பா. பார்த்தால், திரி எரிகிற நேரம் தண்ணீர் பெரிதாக ஏறாது. அணைந்த பிறகுதான் சட்டென்று ஏறும். ஒட்சிசன் எரிகிறதுதான் காரணம் என்றால் எரியும்போதே அல்லவா ஏறவேணும்? பிறகு மூன்று திரி வைத்துச் செய்வா. தண்ணீர் இன்னும் மேலே ஏறும். அதே கிளாஸ், அதே அளவு காற்று, அதே அளவு ஒட்சிசன். அப்போ? பின்வரிசையில் இருந்து ஒரு பொடியன் "சூடு, ரீச்சர்" என்பான். சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போய்விடுகிறது, கிளாஸ் விளிம்பில் குமிழி வந்ததைச் சிலர் கண்டும் இருப்பார்கள். அணைந்ததும் உள்ளே மிஞ்சின காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. இது நடக்க இருபத்தைந்து நிமிடம் எடுக்கும். இருபது நிமிட நிகழ்ச்சியில் இது வராது. அதில் புகை வரும், வெடி வரும், கைதட்டு வரும்.

லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் 1825இல் நத்தார்கால விரிவுரைகள் தொடங்கின. பிள்ளைகளுக்கும் இளையவர்களுக்குமான விஞ்ஞான விரிவுரைகள், இன்றைக்கும் நடக்குது. அங்கே மைக்கல் பரடே ஒரே ஒரு மெழுகுதிரியை வைத்து ஆறு விரிவுரை செய்தார். அது புத்தகமாகவும் வந்தது. ஒரு திரிக்கு ஆறு நாள்! ஒருவரும் அவரை இடையில் நிப்பாட்டிப் படம் எடுக்கவில்லை. இன்னொன்று, பரடே அந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்கின ஊழியர். சம்பளம் வாங்கினதால் அவர் மெழுகுதிரியின் புனிதம் கெட்டுப்போனதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

சித்திர வகுப்பின் கதை இன்னும் மோசம், ஏனென்றால் அதில் கைதட்டுக்கூட இல்லை. முதல் நாள் வகுப்புக்கு வருகிற பிள்ளையிடம் "உனக்கு விருப்பமானதைக் கீறு" என்று சொல்லிப் பாருங்கோ. இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து ஓர் ஆறு, பக்கத்தில் ஒரு குடிசை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் மாரிக்கு மட்டும். (கீரிமலை என்று யாரும் வாதாட வரவேண்டாம்.) பிள்ளை தான் காணாததைக் கீறுது, காண்கிறதைக் கீறத் தெரியாமல் இருக்குது. அந்த மலையைக் கரைக்க அக்காவுக்குக் குறைந்தது மூன்று மாதம் வேணும். வாசிகசாலை மதில், அதன் மேல் படுத்திருக்கிற பூனை, கிணற்றுக்கட்டு, அம்மம்மாவின் கால் என்று ஒவ்வொன்றாகப் போய், ஒரு நாள் ஒரு பிள்ளை பனையோலைக்குப் பச்சை மட்டும் இல்லை, சாம்பலும் மண்ணிறமும் இருக்கு என்று கண்டுபிடிக்கும். அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கவேணும்.

சித்திரமும் விஞ்ஞானமும் ஒரே ஆளிடம் எப்படி என்று எங்களிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்று வயிற்றுக்கு, உண்மை. வித்தைக்குக் கிடைக்கிற கடித உறையில்தான் சித்திர வகுப்பின் பாஸ்டல் வாங்கப்படுகிறது. ஆனால் அது மட்டும் இல்லை. தண்ணீர் எப்போது ஏறுது என்று பார்க்கிறதும் ஓலையின் நிறத்தைப் பார்க்கிறதும் ஒரே வேலை. சொல்லித் தந்ததை ஒரு நிமிடம் தள்ளிவைத்துப் போட்டு, முன்னால் இருக்கிறதைப் பார்க்கிற வேலை.

எங்கட கல்வியில் இதுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், 200 புள்ளி, அதில் சித்திரம் இல்லை. நாலாம் தரம் வந்தவுடனே பிள்ளைகள் சித்திர வகுப்பிலிருந்து ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்குவார்கள். "ஸ்கொலர்ஷிப் முடியட்டும் ரீச்சர், பிறகு விடுறன்." பிறகு வருவதில்லை. சாதாரண தரத்தில் சித்திரம் ஒரு தொகுதிப் பாடம். எடுக்கிற பிள்ளைகளுக்கு ரியூசனில் சந்தைக் காட்சி ஒன்று, பொங்கல் ஒன்று என்று முன்கூட்டியே கீறப் பழக்கி அனுப்புகிறதை நாங்களே கண்டிருக்கிறோம். சித்திரத்தையும் மனப்பாடமாக்கின சமூகம் நாங்கள். "கொஞ்சம் இங்கிலீஷில செய்யுங்கோவன், பெற்றோர் விரும்புவினம்" என்று அக்காவைக் கேட்ட இடமும் இருக்கு. கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் இருந்து மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த மண்ணில் இந்தக் கேள்வி!

இதெல்லாம் இங்கே புதிதாக முளைத்த ஆசையும் இல்லை. ஓவியர் அ. மாற்கு போர்க்காலத்துக்குள்ள இருந்துகொண்டு யாழ்ப்பாணத்தில் இளையவர்களுக்குச் சித்திரம் பழக்கினார். அவரிடம் பழகினவர்கள் இன்று எங்கட முக்கியமான ஓவியர்கள். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கின வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக இருந்து கீறினார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை சொன்னார்கள். ஒரு நாள் காட்டிப்போட்டுப் போகிற இடமாக அது இருக்கவில்லை, பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்தார்கள். பிறகு வந்த திட்டக்காரர்கள் இதிலிருந்து சாயத்தையும் தூரிகையையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் செயலமர்வு, வரவுப் பதிவேட்டில் கையெழுத்து, பிள்ளைகள் சாயம் பூசின உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுகிற படம், அறிக்கை. திட்டம் முடிந்தால் வகுப்பும் முடிந்தது.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிற பழைய மாணவர்களையும் விட்டுவிட ஏலாது. நீங்கள் அனுப்புகிறீர்கள், அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் காசு எதுக்குப் போகுது? நுழைவாயில் வளைவு, ஸ்மார்ட் போர்ட், மண்டபத்துக்குப் புதுக் கதிரை. வளைவில் பெயர் பொறிக்கலாம். கேள்வி கேட்கிற பிள்ளையின் நெற்றியில் "அன்பளிப்பு" என்று பொறிக்க ஏலாது என்பதுதான் பிரச்சினையா?

"காசு கேட்டால் ஏழைப் பிள்ளையளுக்கு ஆர் செய்யிறது?" என்பார்கள். நல்ல கேள்வி. பிள்ளைகளிடம் வாங்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லவில்லை. அக்காவின் வகுப்பில் காசு இல்லாத பிள்ளையிடம் அவா வாங்குறதும் இல்லை. நாங்கள் கேட்பது விழாக் குழுவிடம், பழைய மாணவர் சங்கத்திடம், பிரதேச சபையிடம், திட்டம் நடத்துகிற நிறுவனத்திடம். ஏழைப் பிள்ளைக்கு இலவசமாகக் கிடைக்கவேணும் என்றால் அதன் செலவை ஊர் ஏற்கவேணும், ஒரு பொம்பிளைப்பிள்ளை தன்ர சாப்பாட்டிலிருந்து ஏற்கக்கூடாது. சேவை, சேவை என்று சொல்லியே இந்த வேலையில் இருந்தவர்களைத் துரத்துகிறோம். எங்களுக்குத் தெரிந்த இரண்டு பேர் விட்டுப்போட்டினம். ஒருவர் இப்போது போன் கடையில் நிற்கிறார், மற்றவர் ஒரு லீசிங் கொம்பனிக்குக் காசு சேர்க்கப் போகிறார். 2017இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையில்லாப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் இருந்ததைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் நாங்கள். கலைப்பீடத்துக்குப் போனபோது "ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டவர்களே, ஆர்ட்ஸ் படித்தவர் வேலை செய்யும்போது அது சேவை என்கிறார்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கோ.

இந்த வருடமும் விழாக் குழுக் கூட்டங்கள் நடக்கும். இதை வாசிக்கிற உங்களில் பலர் அதில் ஏதோ ஒரு கதிரையில் இருப்பீர்கள், இல்லாட்டி உங்கட மாமாவோ அண்ணாவோ இருப்பார். வரவு செலவுக் கொப்பியில் பந்தலுக்கு அடுத்த வரியில் வளவாளர் கொடுப்பனவு என்று எழுதச் சொல்லுங்கோ. கூப்பிடும்போதே தொகையைச் சொல்லவேணும், விழா முடிந்த அன்றே குடுக்கவேணும். சாமான் செலவு வேறு, போக்குவரத்து வேறு, முதல் நாள் தயாரிப்பும் ஒரு நாள் வேலை. ஒரு மணித்தியாலம் என்றால் அறுபது நிமிடம், அதுக்குள்ள ஐயா வந்தால் ஐயாவும் பாயில் இருந்து பார்க்கட்டும். முடிந்தால் ஒரு நாளுக்குப் பதிலாக நாலு சனிக்கிழமை கேளுங்கோ. பொன்னாடை ஏற்கனவே வாங்கிப்போட்டீர்கள் என்றால் கடைக்காரரிடம் குடுத்து மாற்றலாம், நாங்கள் விசாரித்துவிட்டோம், பில் இருந்தால் காணும்.