காய்ச்சலை மறைக்க வைப்பது எது?

 

மாரி தொடங்கினால் நம் கைபேசிகளுக்கும் காய்ச்சல் வந்துவிடுகிறது. "இன்ன ஊரில் மூன்று பேராம்", "இன்ன பாடசாலையில் ஒரு பிள்ளையாம்", "உடனே பகிரவும்". டெங்கு ஆனாலும் எலிக்காய்ச்சல் ஆனாலும் செய்தியின் வடிவம் ஒன்றுதான். அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டமாகவே எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

தொற்றுநோய் வரும்போது மக்கள் பயப்படுவதில் தவறில்லை என்பது என் கருத்து. பயந்தவன் கை கழுவுவான், கொதித்தாறிய நீர் குடிப்பான், வைத்தியரிடம் போவான். அந்தப் பயத்தோடு அவமானமும் சேரும்போதுதான் ஆபத்து. அவமானப்பட்டவன் காய்ச்சலை மறைப்பான். மறைத்த காய்ச்சல் வீட்டுக்குள்ளேயே பரவும்.

கல்வியியற் கல்லூரியில் உளவியல் பாடத்தில் லாசரஸ், போக்மன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்களைப் பற்றிப் படித்தோம். நெருக்கடியை மனிதர் இரண்டு விதமாகச் சமாளிக்கிறார்கள் என்று 1984இல் வெளிவந்த தங்கள் நூலில் அவர்கள் விளக்கினார்கள். ஒன்று, பிரச்சினையிலேயே கை வைப்பது. மற்றது, அந்தப் பிரச்சினையால் மனதில் எழும் கொதிப்பை ஆற்றிக்கொள்வது. மனிதருக்கு இரண்டும் தேவை. நம்மால் செய்ய முடிந்த வேலை ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் முதலாவது வழியில் இறங்குகிறோம். கையில் எதுவும் இல்லை என்று தோன்றினால் இரண்டாவது வழிதான் மிச்சம். தொழுகையும் ஜெபமும் பகிடியும் பேச்சும் அதில் அடங்கும். "அப்படி ஒரு நோயே இல்லை" என்று மறுப்பதும், யாரோ ஒருவர் மேல் பழியைப் போடுவதும் அதில்தான் அடங்கும்.

இதற்கு நம் மன்னாரிலேயே உதாரணங்கள் இருக்கின்றன.

1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. அந்த நோயை முழுதாக ஒழித்த நாடு என்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்றிதழ் தந்தது. அதே ஆண்டு டிசெம்பரில் மன்னார் தீவில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இந்த இனம் இலங்கையில் அதற்கு முன் பதிவாகியிருக்கவில்லை. அது நம் கிணறுகளில் முட்டையிட்டது. அதிகாரிகள் கிணறு கிணறாகப் பார்த்தார்கள், குடம்பிகளைத் தின்னும் மீன்களை விட்டார்கள். கிணறு யாருடையது என்று எவரும் ஏசவில்லை. நுளம்புக்கு ஊரும் இல்லை, சமயமும் இல்லை. பயத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. மீன் விடு, மூடி வை, பார்க்க வருகிறவருக்குக் கதவைத் திற. அவ்வளவுதான்.

2020இல் நடந்தது வேறு கதை.

மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது. ஏப்ரலில், புத்தளத்தில் தொற்று உறுதியான ஒருவர் முன்னர் தாராபுரத்தில் ஒரு மரண வீட்டுக்கு வந்து போனார் என்று தெரிந்ததும் அந்த ஊர் முடக்கப்பட்டது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு நம் சனத்தில் பாதிப் பேருக்கு ஒரு கால் புத்தளத்தில், ஒரு கால் மன்னாரில். மௌத்து என்றால் வந்துதான் ஆவார்கள். வைரஸைப் பற்றி அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியாத நேரம். ஆனாலும் வந்தவர் யார், எந்த ஊர், என்ன ஆள் என்ற கேள்விகள்தான் முதலில் ஓடின. ஒக்டோபரில் மன்னார் நகரில் கட்டட வேலை செய்தவர்களிடையே தொற்று கண்டறியப்பட்டு பட்டித்தோட்டம் முடங்கியபோது, அதே விரல் வேறு பக்கம் திரும்பியது. விரலை நீட்டியதால் நோய் ஓர் அங்குலமும் பின்வாங்கவில்லை.

இந்தப் பழக்கம் பழையது. தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழகத் தொழிலாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் இறங்கி மாத்தளை நோக்கி நடந்தார்கள். வழியில் வாந்திபேதியில் விழுந்து செத்தவர்கள் ஏராளம். பட்டினியோடும் நல்ல தண்ணீர் இல்லாமலும் நடக்கவைத்த முறையைவிட, நடந்து வந்த கூலிகளே நோயின் முகமாகப் பார்க்கப்பட்டார்கள்.

இனி, எழுதக் கை கூசுகிற விடயத்துக்கு வருகிறேன்.

2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், நிலத்தடி நீர் மாசுபடும் என்று காரணம் சொன்னார்கள். டிசெம்பரில் பிறந்து 20 நாளான ஒரு குழந்தையும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் சமய வேறுபாடின்றி மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள்.

இதன் சமய வலியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஓர் ஆசிரியனாக நான் கவனித்தது அதன் உளவியல் விளைவை. நம் வீடுகளில் நோயைவிடப் பெரிய பயம் ஒன்று குடிவந்தது. "மௌத்தானால் என்ன செய்வார்கள்?" என்ற பயம். வயதான வாப்பாமாரும் உம்மாமாரும் இருமலை விழுங்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கியவர்கள் இருந்தார்கள். நோயைக் கட்டுப்படுத்தப் போட்ட சட்டமே நோயை மறைக்கச் சொல்லிக்கொடுத்தது.

2021 பெப்ரவரி 25ஆம் திகதி அடக்கத்துக்கு அனுமதி வந்தது. அதற்கு முதலில் தெரிவான இடம் நம் வளைகுடாவிலுள்ள இரணைதீவு. 1992இல் இடம்பெயர்க்கப்பட்டு, 2018இல்தான் திரும்பிவந்த கத்தோலிக்க மீனவ மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். அவர்களோடு எனக்குக் கோபம் இல்லை. புதைத்தால் தண்ணீர் கெடும் என்று பத்து மாதமாகச் சொல்லிவிட்டு, உன் தீவில் புதைக்கிறேன் என்றால் யார்தான் பயப்படமாட்டார்கள்? ஆதாரமில்லாமல் விதைத்த பயம் ஒரு சமூகத்தோடு நிற்காது, அடுத்த வீட்டுக்கும் போகும். கடைசியில் ஓட்டமாவடி இடம் கொடுத்தது. முஸ்லிம்கள் மட்டுமல்ல, மற்றச் சமயத்தவரும் அங்கே உறங்குகிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரித்த பிறகு வந்த மன்னிப்பு.

நாமும் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கேகாலையில் ஒருவர் தந்த பாணிக்கு 2020 டிசெம்பரில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அதைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று உறுதியானது. அந்தச் சனத்தைப் பார்த்துச் சிரித்தோம். ஆனால் "அல்லாஹ் நாடியதுதான் நடக்கும்" என்று சொல்லி முகக்கவசத்தைக் கழற்றியவர்கள் நம்மிலும் இருந்தார்கள். உமர் (ரழி) அவர்கள் சிரியாவில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டு ஸர்க் என்ற இடத்திலிருந்து படையோடு திரும்பினார்கள். அது இறைவிதியை விட்டு ஓடுவதல்ல, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குப் போவது என்பதே அவர்களின் விளக்கம். ஈமான் மனதை ஆற்றும். கையைக் கட்டிப்போட அதைக் காரணம் காட்டக் கூடாது.

2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் சிலர் காய்ச்சலில் அடுத்தடுத்து இறந்தபோது "மர்மக் காய்ச்சல்" என்று செய்தி பரவியது. மர்மம் என்ற சொல்லே பாதி உயிரை எடுத்துவிடும். அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானதும் வயலில் இறங்குகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். பெயர் தெரிந்தது, செய்ய வேண்டியதும் தெரிந்தது. கிணற்றில் மீன் விட்டதும் இதே பாடம்தான்.

"ஊரைச் சொல்லாவிட்டால் நாங்கள் எப்படிக் கவனமாக இருப்பது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பீ.எச்.ஐ.க்கு ஆளின் பெயரும் வீடும் தேவை. நமக்குத் தேவை எந்த இடம், எந்த நாள், என்ன அறிகுறி, எங்கே பரிசோதனை என்பதுதான். நோயாளியின் படமும் சமயமும் யாரையும் காப்பாற்றாது.

ஆகவே மூன்று விடயங்களைக் கேட்கிறேன்.

ஆசிரியர்களே, வகுப்பின் நடுவே "உங்கட வீட்டில யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். சுகமாகி வருகிற பிள்ளையைப் பழைய இடத்திலேயே இருத்துங்கள்.

பள்ளி நிர்வாகிகளே, ஆலயங்களின் பொறுப்பாளர்களே, தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்குச் சாமானை வாசலில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். அந்த வார்த்தையும் மருந்துதான்.

அதிகாரிகளே, இறந்தவரை எப்படி நடத்துவீர்கள் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். கடைசி மரியாதை உறுதி என்று தெரிந்தால் சனம் தானாகவே வைத்தியசாலை வாசலுக்கு வரும்.

அடுத்த நோய் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. வரும்போது நம் ஊரில் முதலில் காய்ச்சல் வருகிறவர், "எனக்குக் காய்ச்சல்" என்று பயமில்லாமல் அடுத்த வீட்டில் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். அதற்கான வேலையை நோய் இல்லாத இந்த நாட்களில்தான் செய்யலாம். அல்லாஹ் எல்லோருக்கும் ஆரோக்கியத்தைத் தரட்டும்.